மலைக்கு மழை தரும் கடல் – 9: கான்வாஸ் வாளி

சென்ற பகுதியில் இலங்கையின் ஊவா மலைத் தோட்டங்களின் மழைமானிகளைப் பார்த்தோம். ஸ்டோர் முற்றத்தில் நட்டிருந்த உருளையில் இரவெல்லாம் சேர்ந்த தண்ணீரைக் காலையில் அளந்து, தோட்டத்துப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். பதுளை வானிலை நிலையத்தின் பதிவும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சேர்ந்து வந்தது.

அந்த ஏடுகளுக்குள் ஒரு முடிச்சு இருந்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையான பெரும்போக மாதங்களில், சில ஆண்டுகள் பசறையிலும் மடுல்சீமையிலும் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்வெட்டு ஊறிச் சரியும் அளவுக்கு மழை கொட்டுகிறது. வேறு சில ஆண்டுகளில் அதே மாதங்கள் மூடுபனியோடு கழிந்துவிடுகின்றன. மலை அதே மலை. மாதமும் அதே மாதம். மாறியது எது?

கடலின் சூடாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு நிறுத்தியிருந்தோம். அதைத் தீர்க்க வேண்டுமானால், நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியப் பெருங்கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று தெரிய வேண்டும். செயற்கைக்கோள் இல்லாத காலம் அது. அன்றைய கடலைத் தொட்டுப் பார்த்தவை கப்பல்கள் மட்டுமே.

* * *

1924 ஏப்ரலில் ரயில்பாதை பதுளையை எட்டியது. அதற்கு முன்பே ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் வந்துவிட்ட பாதைதான். இப்போது ஊவாவின் கடைக்கோடித் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிக்கும் கொழும்புத் துறைமுகத்துக்கும் இடையே தண்டவாளம் இருந்தது.

பெட்டி கப்பலேறியது. கப்பல் ஏடனையும் சுயஸையும் தாண்டி லண்டனுக்குப் புறப்பட்டது. இதுவரை எல்லாத் தேயிலை வரலாறுகளிலும் உண்டு.

கரை மறைந்த பிறகு அந்தக் கப்பலில் நடந்த ஒரு சிறு காரியம் தேயிலை வரலாறுகளில் இல்லை. குறித்த மணி வந்ததும் ஒரு மாலுமி கயிறு கட்டிய வாளியைக் கடலில் வீசுவார். நிரம்பியதும் மேலே இழுப்பார். வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டு, சற்றுப் பொறுத்து, பாகையைப் படிப்பார். காவலிலிருந்த அதிகாரி அதைப் பதிவேட்டில் எழுதுவார். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வாளி. இப்படியே லண்டன் வரை.

இந்த வழக்கத்துக்கு அடித்தளம் 1853இல் பிரசெல்ஸ் நகரில் போடப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ மோரி முன்னின்று கூட்டிய மாநாட்டில், கடலோடும் நாடுகள் தங்கள் கப்பல்களில் காற்றையும் அலையையும் கடல் வெப்பத்தையும் ஒரே மாதிரியாகக் குறித்துவைக்க ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டே பிரிட்டன் தன் வானிலை அலுவலகத்தைத் தொடங்கியது. கப்பல் பாதைகளைப் பாதுகாப்பாகவும் வேகமாகவும் ஆக்குவதே அவர்களின் நோக்கம். பதுளையில் மழை பெய்யுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் பதிவுகள் சேர்ந்தன. லட்சம் லட்சமாகச் சேர்ந்தன. வாளியை இழுத்தவர்களில் பலர் இந்தத் துணைக்கண்டத்திலிருந்து குறைந்த கூலிக்கு எடுக்கப்பட்ட லஸ்கர் மாலுமிகள். தோட்டத்தில் மழையை அளந்தவரைப் போலவே இவர்களின் பெயரும் அந்த எண்களோடு இல்லை. எண்கள் மட்டும் எஞ்சின.

அந்த எண்களை நம்பலாமா?

* * *

இங்கேதான் கதை திரும்புகிறது.

ஆரம்பகாலப் பாய்மரக் கப்பல்களில் மரவாளி. பிறகு நீராவிக் கப்பல்கள் வந்தன. மேல்தளம் உயர்ந்தது, வேகமும் கூடியது. கனத்த மரவாளியை ஓடும் கப்பலிலிருந்து வீசி இழுப்பது சிரமம். எனவே பல நாட்டுக் கப்பல்களில் கான்வாஸ் வாளி இடம்பிடித்தது. மடக்கலாம், தூக்குவதும் சுலபம்.

கான்வாஸ் நனையும். நனைந்த துணியில் காற்றுப்பட்டால் ஈரம் ஆவியாகும், ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நம் வீட்டு மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பது இப்படித்தான். தண்ணீர் கடலிலிருந்து தளத்துக்கு வந்து, வெப்பமானி நிலைகொண்டு, மாலுமி குனிந்து படிப்பதற்குள் ஓரிரு நிமிடங்கள் கழிந்துவிடும். அதற்குள் கடல் இருந்ததைவிடப் பாகையில் சில பத்திலொரு பங்கு குறைவாகவே வெப்பமானி காட்டும். காற்று பலமாக வீசினால் இன்னும் குறையும். வெப்பக் கடலில் ஆவியாதலும் அதிகம் என்பதால் நம் பக்கத்துக் கடல்களில் இந்தப் பிழையும் அதிகம்.

சோகம் என்னவென்றால், வாளி மரமா கான்வாஸா என்று பெரும்பாலான பதிவேடுகளில் எழுதவே இல்லை. அன்று அது முக்கியமென்று யாருக்கும் தோன்றவில்லை. 1995இல் பிரிட்டிஷ் வானிலை ஆய்வாளர்கள் கிறிஸ் ஃபோலண்டும் டேவிட் பார்க்கரும் அந்த வாளிகளின் வெப்ப இழப்பை இயற்பியல் கணக்காகப் போட்டு, பழைய எண்களுக்குத் திருத்தம் வெளியிட்டார்கள். எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் தளத்தில் வீசிய காற்றையும், வாளியின் கனத்தையும், அது வெளியே இருந்த நிமிடங்களையும் ஊகித்துப் போட்ட கணக்கு அது. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் இவ்வளவு பொறுமையான துப்பறிதல் வேறு இல்லை என்றே சொல்வேன்.

* * *

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்தது.

இரவில் மேல்தளத்தில் நின்று வெப்பமானியைப் படிக்க வெளிச்சம் வேண்டும். நீர்மூழ்கிகள் உலவும் கடலில் ஒரு கைவிளக்கின் ஒளிகூட உயிருக்கு ஆபத்து. வாளி வீசுவது குறைந்தது. அதற்குப் பதிலாக, எஞ்சினைக் குளிர்விக்கக் கப்பல் உள்ளிழுக்கும் கடல்நீர்க் குழாயில் பொருத்திய வெப்பமானியைப் படித்தார்கள். அமெரிக்கக் கப்பல்களில் ஏற்கெனவே இந்த முறை பரவியிருந்தது.

எஞ்சின் அறை சூடான இடம். குழாய் வழியாக வரும் நீரும் அந்தச் சூட்டில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வாளி குறைத்துக் காட்டியது என்றால் குழாய் கூட்டிக் காட்டியது.

1942 ஜனவரியிலிருந்து 1945 ஆகஸ்ட் வரை சேர்ந்த கடல் வெப்பப் பதிவுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அமெரிக்கக் கப்பல்களுடையவை. போர் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பங்கு 30 சதவீதமாகச் சரிந்தது. ஏறத்தாழப் பாதிப் பதிவுகளைப் பிரிட்டிஷ் கப்பல்கள் தந்தன. அவற்றில் மீண்டும் வாளி.

விளைவு? 1945இன் பிற்பகுதியில் உலகக் கடல்கள் எல்லாம் ஒரேயடியாகச் சுமார் 0.3 பாகை குளிர்ந்துபோனதாகப் பதிவுகள் காட்டின. கடல் குளிரவில்லை. அளந்த கப்பல்கள் மாறின, அவ்வளவே. டேவிட் தாம்ப்சன், ஜான் கென்னடி, ஜான் வாலஸ், பில் ஜோன்ஸ் ஆகியோர் இதை 2008இல்தான் பிரித்துக் காட்டினார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பள்ளம் பதிவுகளில் கிடந்தது!

ஜப்பானியக் கப்பல்களின் கதை வேறுவகை. போருக்கு முந்திய பதிவுகளைத் துளை அட்டைகளுக்கு மாற்றும்போது, ஒரு பெருந்தொகுதியில் தசமப் புள்ளிக்குப் பிறகு வந்த இலக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 27.8 என்று மாலுமி படித்தது 27 ஆனது. துவோ சான் முதலானோர் இதை வெளியிட்டது 2019இல். மாலுமி சரியாகவே அளந்திருந்தார். தொலைத்தது அலுவலக மேசை.

0.3 பாகை, ஓர் இலக்கம் என்றெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஊவாவின் மழையைக் கூட்டிக் குறைக்கும் கடல் மாற்றம் பெரும்பாலும் ஒரு பாகைக்குள் நடந்து முடிகிறது. அளவியின் பிழையும் அளக்கவேண்டிய மாற்றமும் ஏறக்குறைய ஒரே அளவு.

* * *

இதுவரை சொன்னதெல்லாம் கடலின் மேற்பரப்பு. மேற்பரப்பு ஒரு வெயிலில் சூடாகி ஒரு காற்றில் ஆறிவிடும். மாதக்கணக்கில் நிலைக்கும் சூடு கீழே, நூறு இருநூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதை எப்படி எட்டுவது?

ஆரம்பத்தில் கப்பலை நிறுத்த வேண்டியிருந்தது. நீண்ட கம்பியில் வெப்பமானிகளைக் கட்டி இறக்கி, கம்பி வழியே ஓர் எடையை அனுப்புவார்கள். எடை தட்டியதும் வெப்பமானி தலைகீழாகக் கவிழ்ந்து, அந்த ஆழத்தின் அளவைப் பாதரசத்தில் பூட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் இதைச் செய்து முடிக்க மணிக்கணக்காகும். 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் பயணத்தில் சோவியத்தின் வித்யாஸ், அமெரிக்காவின் அன்டன் ப்ரூன், இந்தியாவின் கிஸ்ட்னா என்று பல நாட்டுக் கப்பல்கள் இப்படித்தான் நின்று நின்று அளந்தன. அதன் பயனாக 1971இல் கிளவுஸ் விர்ட்கியின் கடல் வரைபட நூல் வந்தது. 1966 ஜனவரி 1ஆம் தேதி இந்தியாவின் தேசிய கடலியல் நிறுவனம் பிறந்ததும் அந்தப் பயணத்தின் தொடர்ச்சியே.

சரக்குக் கப்பல் நிற்காது. அதற்கு நேரம் பணம். ஓடிக்கொண்டே ஆழத்தை அளக்க ஒரு வழி வேண்டும்.

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கி வேட்டைக்காக 1960களில் அந்த வழி பிறந்தது. எக்ஸ்பிடி என்று கடலியலாளர்கள் அழைக்கும் கருவி. ஒருமுறை வீசினால் திரும்ப வராது.

அந்த வீச்சைக் கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம்.

கப்பலின் பின்தளம். கையில் ஒரு குழல். அதற்குள் ஒரு முழம்கூட இல்லாத, குண்டு வடிவத் துருவி. அதன் மூக்கில் ஒரு தெர்மிஸ்டர். வெப்பம் மாறினால் மின்தடை மாறும் சிறு பொருள் அது. துருவிக்குள் ஒரு சுருள், குழலுக்குள் இன்னொரு சுருள். இரண்டும் ஒரே மெல்லிய செம்புக் கம்பி இணை. பூட்டை இழுத்ததும் துருவி கடலில் விழுகிறது. கடல்நீர் பட்ட அந்தக் கணம் மின்சுற்று முழுமையாகிறது, கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

துருவி நேர்கீழாக இறங்குகிறது. கப்பல் முன்னே ஓடுகிறது. இரண்டு பக்கமும் கம்பி அவிழ்கிறது. அதனால் கம்பி இழுபடுவதில்லை. வினாடிக்கு ஆறரை மீட்டர். ஒவ்வொரு வினாடியும் மேலே வருவது மின்தடையின் அளவு. அதை ஆரம்பத்தில் காகிதச் சுருளில் ஓர் ஊசி கோடாக வரைந்தது. பின்னர் கணினி வந்து வினாடிக்குப் பத்து முறை எண்ணாகப் பிடித்தது. 460 மீட்டருக்கு ஒரு வகை, 760 மீட்டருக்கு இன்னொரு வகை. அதிகபட்சம் ஏறத்தாழ இரண்டு நிமிடம். கம்பி தீர்ந்து அறுகிறது. துருவி கடலின் அடிக்குப் போய்விடுகிறது. கோடு மட்டும் கப்பலில்.

காற்று எதிர்ப்பக்கம் வீசிக் கம்பி கப்பலின் உடலில் உரசினால், காப்பு கீறி, வரும் எண் பொய்யாகும். அலை உயர்ந்த வடகீழ் பருவப்பெயர்ச்சி நாட்களில் எந்தப் பக்கம் நின்று வீசுவது என்பதே ஒரு கலை.

ஆனால் இந்தக் கருவிக்குள்ளும் ஒரு மறைவான ஓட்டை. துருவியில் ஆழமானி கிடையாது. விழுந்து எத்தனை வினாடி ஆயிற்று என்பதைவைத்துத்தான் ஆழம் கணிக்கப்படும். விழும் வேகம் தவறென்றால் ஆழம் தவறு. ஆழம் தவறென்றால், அந்த ஆழத்தின் வெப்பமும் தவறு. தொழிற்சாலை தந்த சூத்திரம் தொடக்க வேகத்தை வினாடிக்கு 6.472 மீட்டர் என்றது. 1995இல் கிமியோ ஹனாவா தலைமையிலான குழு, பக்கத்திலேயே துல்லியக் கருவிகளை இறக்கி ஒப்பிட்டு, அது 6.691 என்று திருத்தியது. வித்தியாசம் மூன்றரை சதவீதத்துக்குள்தான். ஆனால் சூடான மேல்நீர் சட்டென்று குளிர்நீராக மாறும் நூறு மீட்டர் ஆழத்தில், அந்த மூன்று மீட்டர் பிசகு ஒரு பருவத்தின் செய்தியையே மாற்றிச் சொல்லிவிடும். 2007இல் இன்னொரு அதிர்ச்சி. 1970களில் உலகக் கடல் சூடேறிப் பிறகு ஆறியதாகத் தெரிந்த மேட்டில் பெரும்பங்கு இந்தக் கருவிகளின் பிழை என்று தெரியவந்தது.

* * *

நம் கடலுக்கு வருவோம்.

1990 முதல் இந்தியாவின் தேசிய கடலியல் நிறுவனத்தினர், சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஓடும் கப்பல்களில் ஏறி, வங்காள விரிகுடாவின் குறுக்கே இந்தத் துருவிகளை வீசி வருகிறார்கள். மக்கள் ஏறி இறங்கும் சாதாரணப் பயணக் கப்பல் பாதை அது.

மலையக வாசகர்களுக்கு அந்தக் கடல் அந்நியமானதல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் தோட்ட மக்களில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கட்சால் தீவில், ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. கொழுந்து பறித்த கைகள் பால் வெட்டப் போன கடல்வழியில்தான், பின்னர் பெருங்கடலின் சூடும் அளக்கப்பட்டது. இரண்டையும் ஒரே தொடரில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

* * *

1997 வந்தது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் சுமத்திரா கரையோரக் கடல் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்தது. ஆப்பிரிக்கப் பக்கக் கடல் சூடேறியது. கிழக்கு ஆப்பிரிக்காவை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, இந்தோனேசியக் காடுகள் வறண்டு எரிந்தன. பசிபிக்கின் எல் நினோவே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலர் நினைத்தார்கள்.

என்.எச். சாஜி, பி.என். கோஸ்வாமி, பி.என். விநயச்சந்திரன், தோஷியோ யமகாட்டா ஆகிய நால்வர் வேறு மாதிரி யோசித்தார்கள். நாற்பதாண்டுக் கடல் வெப்பத் தரவை விரித்தபோது 1961, 1994, 1997 ஆகிய ஆண்டுகளில் ஒரே கோலம் தெரிந்தது. இந்தியப் பெருங்கடலுக்கே சொந்தமான ஓர் ஊசல். 1999 செப்டம்பரில் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். மேற்குக் கடலின் சூட்டிலிருந்து தென்கிழக்குக் கடலின் சூட்டைக் கழித்தால் வருவது அதன் அளவுகோல்.

1961இல் அந்தக் கடலில் செயற்கைக்கோள் கண் கிடையாது. அந்த ஆண்டின் கோலத்தைக் காட்டியவை வாளிகளும் எஞ்சின் குழாய்களும். ஒழுகும் வாளியில் வந்த எண்தான், திருத்தப்பட்டு, அலசப்பட்டு, கடைசியில் சாட்சி சொன்னது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2003இல், இலங்கை விஞ்ஞானி லரீஃப் சுபைர், எஸ்.ஏ. ராவ், யமகாட்டா மூவரும் அந்த ஊசலை இலங்கையின் பெரும்போக மழைக்கு அருகில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒருபுறம் 19ஆம் நூற்றாண்டு தொட்டு இந்தத் தீவில் அளந்த மழை. மறுபுறம் கப்பல்கள் அளந்த கடல். இரண்டும் பொருந்தின. மேற்கு சூடாகவும் கிழக்கு குளிராகவும் இருக்கும் ஆண்டுகளில் பெரும்போக மழை கூடுகிறது. கீழ்மட்டக் காற்று இலங்கையைச் சுற்றிக் குவிந்து மேலெழுகிறது.

மழைமானிப் புத்தகமும் கப்பல் பதிவேடும் சந்தித்த கணம் இது. இரண்டு எழுத்தர்களுக்கும் மற்றவர் இருப்பதே தெரியாது.

இனி முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றுதான் தோன்றியது. கடலின் சூட்டைப் பார்த்தால் பல வாரங்களுக்கு முன்பே ஊவாவுக்குச் சொல்லிவிடலாம்: இந்த ஆண்டு மலை ஊறும், சரிவுக்குக் கீழிருக்கும் லயங்களைக் காலி செய்யுங்கள். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லய வரிசைகளை மண் விழுங்கியதைப் பார்த்தவர்களுக்கு, அப்படியொரு முன்னறிவிப்பின் விலை என்னவென்று சொல்லத் தேவையில்லை.

* * *

பிறகு 2025 வந்தது.

அந்த அக்டோபரில் இருமுனை எதிர்நிலையில் இருந்தது, அதுவும் வலுவாக. கிழக்குக் கடல் சூடு, மேற்குக் கடல் குளிர். 2003இன் கணக்குப்படி இலங்கைக்குப் பெரும்போக மழை குறைய வேண்டிய ஆண்டு.

நவம்பர் கடைசி வாரத்தில், தீவின் தென்கிழக்கே ஒரு தாழமுக்கம் சுழலத் தொடங்கியது. டித்வா என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது தீவின் மேலேயே ஊர்ந்தது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. இலங்கையில் 600க்கும் அதிகமான உயிர்கள் போயின.

பருவம் முழுவதற்கும் போட்ட கணக்கு வேறு, மூன்று நாள் புயல் வேறு என்று ஒரு விளக்கம் உண்டு. அது சரியானதே. ஆனால் புயலுக்கும் தீனி கடலின் சூடுதான். விரிகுடாவின் தெற்கில், மழைநீரும் ஆற்றுநீரும் கலந்த இலேசான மேல்நீருக்குக் கீழே, வெளியே தெரியாத ஒரு சூடான அடுக்கு இருக்கிறது. 2013க்குப் பிறகு அதைத் தேடி ஆய்வுக் கப்பல்கள் இலங்கையின் கிழக்கே வந்தன. காக்கைதீவிலுள்ள நாரா நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் அந்தத் தேடலில் சேர்ந்துகொண்டார்கள்.

அவர்கள் கடலுக்குள் இறக்கியது என்ன? டித்வா உருவான இடத்தின் அடியில் ஒளிந்திருந்த சூட்டை அந்தக் கருவிகள் முன்பே கண்டிருந்தனவா?

(தொடரும்)